அக்காவுக்குக் கிடைத்த பரோல்

அன்புள்ள அப்பாவுக்கு,

அக்கா கல்யாணத்துக்குப் பரோலில் வந்தீர்களே, அன்று முழுவதும் அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு வயிறெரிந்தது. உங்களை மறுபடி ஜெயிலுக்குக் கூட்டிப்போக போலீஸ் வந்தபோது அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

நான் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திய வருஷம் எனக்கு மஞ்சள்காமாலை வந்ததே, அப்போது அம்மா எழுதிக் கேட்டும் உங்களை விடவில்லை.

போன வாரம் தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது மூக்கம்மா அத்தை சிரித்தாள். "கல்யாணம், சாவுன்னாத்தான் எரக்கப்பட்டு லீவு உடுவாங்க. ஏங்கண்ணு, நீயும் ஒருத்தனக் கட்டிக்கோ, உங்கப்பன் வந்துருவாரு!"

எனக்கும் பதினெட்டு ஆகிவிட்டது. நேற்று ஓவேலியிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். தலையாட்டிவிட்டேன். மாப்பிள்ளை முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

அக்காவுக்கு வந்ததைவிட ஒரு நாளாவது கூடுதலாகக் கேளுங்கள் அப்பா.

உங்கள் சின்ன மகள்