ஏழாவது பாட்டில் உன் வலது கால்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம் என்று ஆரம்பிப்பது வழக்கம், அதில் பொய் ஒன்றும் இல்லை, எங்கள் நிலைமைக்கு நலமாகத்தான் இருக்கிறோம். நீ நலமா என்று அடுத்துக் கேட்பதும் வழக்கம்தான், ஆனால் இந்தத் தடவை பதில் வேண்டும் என்பதற்காகவே கேட்கிறேன். நீ என் போனை எடுத்துப் பதினேழு நாள் ஆகிறது. அனுப்புகிற செய்திக்கும் பதில் இல்லை. கோபம் என்று தெரியும், கோபப்பட உனக்கு எல்லா உரிமையும் இருக்கிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன். போனை எடுக்காமல் இருந்துவிடுவாய், வந்த கவரைப் பிரிக்காமல் இருக்க உன்னால் ஆகாது, எட்டு வயதில் பக்கத்து வீட்டுத் தபாலைப் பிரித்து என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள்தானே நீ.

முதலில் வீட்டுச் சேதி. சமையலறைக் குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு காலையில் தெருமுனை வரை போய் வருகிறார், மீதி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்க் கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கிற ஆளைத் திட்டுகிறார். 'அது பூச்சா, எச்சில் தொட்டுத் தடவுறான், ரெண்டு மழைக்குத் தாங்காது' என்று நாள் முழுக்க ஒரே புலம்பல், அந்த ஆளுக்கு மட்டும் காது கேட்டால் ஏணியிலிருந்து இறங்கிச் சண்டைக்கு வருவான். எனக்குத் தொழிற்சாலையில் வேலை மாறியிருக்கிறது. இனி மெஷினில் உட்கார வேண்டாம், ஒரு லைனுக்கு முப்பது மெஷின், நடந்துகொண்டே மேற்பார்வை பார்க்க வேண்டும். எல்லாரும் துணியைப் புரட்டிப் பார்த்துத்தான் குறை கண்டுபிடிப்பார்கள், நான் நடக்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். ஊசி இறங்கி நூலைப் பிடிக்காமல் மேலே வந்தால் ஒரு தையல் விட்டுப்போகும், அப்போது சத்தத்தில் ஒரு இடம் காலியாக இருக்கும். முப்பது மெஷின் ஓடினாலும் அந்தக் காலி இடம் என் காதில் விழுந்துவிடும். மெக்கானிக் தம்பி, அதுதான் வழுக்கைத் தலையில் எப்போதும் ஹெட்போன் மாட்டியிருப்பாரே, அவர் 'அக்கா, உங்க காதைக் கழட்டிக் குடுத்துட்டுப் போங்க, எனக்குப் பாதி வேலை மிச்சம்' என்கிறார். இதை எதற்குச் சொல்கிறேன் என்று உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எழுந்து போய்விடாதே, உட்கார்ந்து படி.

நீ டிரம்ஸ் வாசிக்கிற உங்கள் பேண்டின் முதல் ஆல்பம் வந்தபோது நான், அப்பா, மெக்கானிக் தம்பி, உலகத்தில் இன்னொரு ஐம்பது பேர், அவ்வளவு பேர்தான் கேட்டிருப்போம். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் எனக்கு அந்தப் பாட்டு பிடிக்கவில்லை. உங்கள் பாடகன் பாடுகிறானா, தொண்டையில் எலும்பு சிக்கிய கரடியா என்று இன்னும் சந்தேகம்தான், மேல்வீட்டு டீச்சர் அன்றைக்கு இறங்கி வந்து 'யாருக்கும்மா உடம்பு சரியில்ல' என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் மெக்கானிக் தம்பி, இரண்டு காலாலும் மாற்றி மாற்றி மிதிக்கிற அந்த டபுள் பெடலைப் பற்றி விளக்கிச் சொன்ன பிறகு, கரடியை ஒதுக்கிவிட்டு உன் காலை மட்டும் கேட்கப் பழகிக்கொண்டேன். என்ன சுத்தம்! வலது, இடது, வலது, இடது, ஒரு தையல் தவறவில்லை. சின்ன வயதில் தட்டையும் டப்பாவையும் தட்டி என் மண்டையை உடைத்த அந்த 'டமாரம்' இவள்தானா என்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருத்தரும் கண்டுகொள்ளாத அந்த ஆல்பத்தைப் பற்றி ரசிகர்கள் எழுதுகிற பக்கத்தில் ஒரே ஒரு ஆள்தான் எழுதினார், துருப்பிடித்த ஆணி என்று பெயர் வைத்துக்கொண்டவர், அதுவும் பக்கம் பக்கமாக. கைப்பேசியே மொழிபெயர்த்துக் கொடுத்ததில் எனக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அன்றிலிருந்து அவர் என் மனதில் சொந்தக்காரர் மாதிரி.

இந்தப் புது ஆல்பம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆயிரக்கணக்கில் எழுதுகிறார்கள். லாரி ஓட்டுகிற ஒருத்தர் அஞ்சாவது பாட்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அழுதாராம். ஒரு அம்மா, பிள்ளை பெற்று வந்த வாரம் முழுக்க இதைத்தான் கேட்டாராம், அந்தக் குழந்தை பாவம். காதிலிருந்து ரத்தம் வராததுதான் பாக்கி என்று திட்டியவர்களும் உண்டு, அவர்களைப் பத்துப் பேர் சேர்ந்து புரட்டி எடுத்துவிட்டார்கள். நான் லைன் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகுதான் ஒருத்தர் அந்தக் கண்டுபிடிப்பை எழுதினார். பாட்டுக்குப் பாட்டு டிரம்ஸ் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது, ஒரு வீடு செங்கல் செங்கலாக உதிர்கிற மாதிரி அடி விட்டுப்போகிறது, இதுதான் இந்த ஆல்பத்தின் உயிர் என்றார். எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ஏழாவது பாட்டில் வருகிற அந்த நொண்டி அடியை மேசையில் தட்டி வீடியோ போடுகிறார்கள். உங்கள் கரடியும் பேட்டியில் 'ஆமா, எல்லாம் யோசிச்சுப் போட்டதுதான்' என்று பெருமையாகச் சொன்னான், நீ பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நான் மறுபடியும் முதல் பாட்டிலிருந்து கேட்டேன். பாட்டு வரிசைப்படியே நாலு மாதம் ரெக்கார்டிங் நடந்தது, எல்லாருக்கும் பகலில் வேலை இருப்பதால் லீவு நாளில் மட்டும் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். இரண்டாவது பாட்டில் ஒரு சுற்றுக்கு வருகிற பதினாறு அடியும் சுத்தம். மூன்றாவதில் கடைசி வலது அடி பிந்துகிறது. அஞ்சாவதில் அந்த அடியே இல்லை. ஏழாவதில் நாலுக்கு ஒன்று இல்லை, எல்லாமே வலது கால். அழுத்துகிற அடியில் பலம் குறையவில்லை, அடுத்த அடிக்குப் பாதத்தைத் தூக்குகிற நேரத்தில்தான் பிந்துகிறது. அப்புறம் ஆல்பத்தோடு வந்த உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், நாலு பேரும் சுவரில் சாய்ந்து நிற்கிற படம். உன் வலது ஷூவின் முனை தோல் உரிந்து வெளுத்திருக்கிறது, இடது ஷூ கடையில் வாங்கின மாதிரி அப்படியே இருக்கிறது. ஒரே ஜோடியில் ஒன்று மட்டும் ஏன் தேய வேண்டும்? உன் அப்பாவின் செருப்பும் இப்படித்தான் தேய்ந்தது.

உனக்குத் தெரியாத ஒன்றை எழுதுகிறேன். அப்பா ஏணியிலிருந்து விழுந்ததால் கால் போயிற்று என்றுதான் உனக்குச் சொன்னோம். கால் போனதால்தான் அவர் விழுந்தார். அப்போது நீ அந்த நாட்டுக்குப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது, நாங்கள் பழைய வீட்டில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அவர் வர்ணம் அடிக்கிற வேலை முடிந்து வரும் செருப்புச் சத்தம் எனக்கு மனப்பாடம். டப், டப் என்று ஏறுகிறவர் ஒரு நாள் டப், சர்ர் என்று ஏறினார். களைப்பு என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அப்படித்தான். கேட்டால் கோபித்துக்கொள்வார், வேலைக்கு லாயக்கில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்வார் என்று வாயை மூடிக்கொண்டேன். எட்டு மாதம் மூடிக்கொண்டிருந்தேன். முதுகில் நரம்பு நசுங்கியிருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அப்பா படுத்திருந்த கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குக் கேட்டது என்று யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தையல் விட்டால் கத்துகிறவள், கட்டின புருஷன் கால் இழுக்கிறதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

அதனால்தான் இந்தத் தடவை அவசரப்பட்டேன். உன்னைக் கேட்டால் 'ஒண்ணுமில்லம்மா' என்பாய், அது எனக்குத் தெரியாதா. துருப்பிடித்த ஆணியிடம் கேட்கலாம், உன் காலை இத்தனை உன்னிப்பாகக் கேட்ட ஆள் சொல்லட்டும் என்று எழுதினேன். அவர் பெயரைத் தொட்டு எழுதினால் அவருக்கு மட்டும் போகும் என்று நம்பினேன். இவள் என் மகள், இது திட்டம் போட்ட அடி இல்லை, இவள் கால் தூக்கவில்லை, உங்களுக்கும் கேட்கிறதா என்று எழுதிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் பார்த்தால் முந்நூறு பேர் பதில் எழுதியிருக்கிறார்கள். அம்மாவே கிடையாது, யாரோ விளையாடுகிறார்கள் என்று சிலர். இனி இந்தப் பாட்டைக் கேட்கவே முடியாது, அம்மா கெடுத்துவிட்டார் என்று சிலர். பாடகன் பேட்டியில் புளுகினானா என்று மீதிப் பேர். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மெக்கானிக் தம்பிதான் அழித்துக் கொடுத்தார், அதற்குள் நாலு இடத்தில் படம் எடுத்துப் போட்டுவிட்டார்கள். துருப்பிடித்த ஆணி மட்டும் ஒரே வரி எழுதியிருந்தார். 'எனக்கும் கேட்டது, சொல்லத் தைரியம் வரவில்லை' என்று.

உன் பிழைப்பு சம்பந்தப்பட்டதைச் சந்தியில் வைத்தது என் தப்பு. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், பெற்றவள் என்று மழுப்பவில்லை. அன்றைக்குப் போனில் பதினோரு நிமிடம் திட்டினாய். என் மானம் கப்பலேறிடுச்சு என்றாய், பாடறவன் கொதிக்கிறான், டூருக்கு வேற ஆளைப் பார்க்கறாங்க, மூணு வருஷ உழைப்பும்மா என்றாய். எல்லாம் நியாயம்தான். ஆனால் அந்தப் பதினோரு நிமிடத்தில் என் கால் நல்லாத்தான் இருக்கு என்று நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. போனை வைத்த பிறகுதான் அது எனக்கு உறைத்தது. பொய்யாவது சொல்லியிருக்கலாமே கண்ணு, ஏன் சொல்லவில்லை?

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், அந்த எட்டு மாதத்தையும் சேர்த்து. ஆறு வருஷமாக நெஞ்சில் கிடந்தது, திட்டினால் திட்டட்டும் என்று சொன்னேன். அவர் ஜன்னலிலிருந்து திரும்பி, 'உனக்குக் கேட்டுதுன்னு எனக்குத் தெரியும்' என்றார். 'கேட்டுடக் கூடாதுன்னுதான் செவத்தப் பிடிச்சு மெதுவா ஏறினேன், அப்பவும் நீ கதவத் திறந்தப்ப என் மூஞ்சியப் பாக்கல' என்றார். இரண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் மறைத்ததாக நினைத்துக்கொண்டு எட்டு மாதத்தைத் தொலைத்திருக்கிறோம். நான் அழுதேன், அவர் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். 'டமாரத்துக்கு எழுது, அவ என்னை மாதிரி, கேட்டா சொல்ல மாட்டா, அவளுக்கு ஒரு வேலை குடு' என்றார். இந்தக் கடிதம் அவர் சொல்லி எழுதுவதுதான்.

பகலெல்லாம் கிடங்கில் பெட்டி தூக்குகிறாய், சாயங்காலம் முதுகு வளைந்து டிரம்ஸ் முன்னால் உட்காருகிறாய், எது எங்கே நசுங்கியதோ எனக்குத் தெரியாது. ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம், என் காதுக்குத்தான் வயதாகிவிட்டதோ என்னவோ, அப்படி இருந்தால் உன் கரடியின் காலில் விழுந்துகூட மன்னிப்புக் கேட்கிறேன். இந்த டூர் போனால் இன்னொன்று வரும் என்று சொல்ல மாட்டேன், வராமலும் போகலாம், அந்த வலி எனக்குப் புரிகிறது. அந்த ரசிகர்கள் உன் மேல் பிரியமாகத்தான் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை, ஆனால் அவர்கள் கை தட்டுகிற இடம் எனக்கு வலிக்கிறது. நீ பத்தாவது ஆல்பம் போட வேண்டும், அதை ஒரு ஈ காக்கா கேட்காவிட்டாலும் பரவாயில்லை, பதினாறு அடியும் அதில் இருக்க வேண்டும். டாக்டரிடம் போகும்போது அப்பாவின் பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும், இதோடு வைத்திருக்கிறேன். முதுகில் நரம்பு என்று நீயே வாயைத் திறந்து சொல், களைப்பு என்று பூசி மெழுகாதே.

உடம்பைப் பார்த்துக்கொள், நன்றாகச் சாப்பிடு, பெட்டி தூக்குகிற வேலைக்கு ஒரு வாரமாவது லீவு சொல். எங்கள் ஆயுசையும் சேர்த்து நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும், நடந்து, ஓடி, குதித்து இருக்க வேண்டும். அப்பா உன் தலையைத் தடவியதாகச் சொல்லச் சொன்னார்.

மறக்காமல் ஒன்று. இதற்கு நீ பதில் எழுத வேண்டாம், போன் பண்ண வேண்டாம், என்னோடு பேசாமலே இரு. உன் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழேயிருந்து உன் கதவு வரைக்கும் ஒரு தடவை ஏறு, அந்தச் சத்தத்தை மட்டும் எனக்கு அனுப்பு. மீதியை நாங்கள் கேட்டுக்கொள்கிறோம். சுவரைப் பிடிக்காமல் ஏறு.

இப்படிக்கு,
படிச் சத்தத்துக்குக் காத்திருக்கும்
உன் அம்மா