பாலக்கரைக்கும் தென்னூருக்கும் ஒரே பிறை

20-7-1980, ஞாயிறு

நோன்பு ஏழு. சுராயா வந்திருந்தாள். கட்டிக்கொடுத்து இரண்டாவது ரமலான். “இந்த வருஷமாவது ரெண்டு வீட்லயும் ஒரே நாள் பெருநாள் வருமா அத்தா?” என்றாள்.

போன வருடம் வெளியூரில் பிறை தெரிந்ததாக வந்த சேதியை எங்கள் தென்னூர் பள்ளிவாசலில் ஏற்று, மறுநாளே பெருநாள் என்றார்கள். அவள் மாமனார் வீடு இதே ஊரில் பாலக்கரையில், அங்குள்ள பள்ளியில் ஏற்கவில்லை. நான் புதுச்சட்டையும் அத்தருமாக, பிரியாணிச் சட்டியோடு போய் நின்றேன். வீடே நோன்பு. சம்பந்தி கலீல், “வாங்க, உக்காருங்க. சட்டியை மட்டும் கொஞ்சம் தள்ளி வைங்க” என்றார். உள்ளே மகள் அழுதிருக்கிறாள். அன்றைக்கு அவள் எந்த வீட்டுப் பிள்ளை?

இந்த வருடம் விடப்போவதில்லை.

22-7

என் லாரி புக்கிங் ஆபீசில் போன் இருக்கிறது. லோடு கேட்கிற ஊர்களிலெல்லாம் பிறையும் கேட்டால் என்ன? எட்டாவது தேறாத மூளைக்கு இது பெரிய யோசனை. என் வீட்டுக்காரி கமர் ஜஹான் கேட்டாள்: “முதல்ல அந்த போன் வேலை செய்யுதா?”

27-7

பள்ளிவாசலில் தொழுவிக்கிற எங்கள் ஹஜ்ரத் மறுத்துவிட்டார். “போன்ல பேசுறது யாருன்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?” நியாயம்தான். நானே எத்தனை பேரிடம், ‘முதலாளி வெளியூர் போயிருக்கார்’ என்று குரல் மாற்றிச் சொல்லியிருக்கிறேன்.

3-8

வழி கிடைத்தது. எங்கள் ஹஜ்ரத்தும் பாலக்கரை ஹஜ்ரத்தும் ஒரே மதரசாவில் ஓதியவர்கள். கூட ஓதியவர்கள் புதுக்கோட்டையில், நாகப்பட்டினத்தில், காயல்பட்டினத்தில் இருக்கிறார்கள். பிறை பார்க்கும் அன்று அங்குள்ள லாரி ஏஜெண்டுகள் அவர்களைப் போனருகே அழைத்து வருவார்கள். தெரிந்த குரல் — அப்புறம் என்ன?

பாலக்கரைக்கு நடையாய் நடக்கிறேன். கலீல் சிரிக்கிறார்: “எல்லாரும் வானத்தைப் பார்ப்பாங்க. நீங்க போனைப் பார்க்கச் சொல்றீங்க.”

9-8

எங்கள் ஹஜ்ரத்தைப் போலவே பாலக்கரை ஹஜ்ரத்தும் சம்மதித்தார்.

11-8, திங்கள்

நோன்பு இருபத்தொன்பது. மேகம். என் ஆபீஸ் பெஞ்சில் இரண்டு ஹஜ்ரத்தும் கலீலும். எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போடும் பேட்ரிசியா, “லோடா பாய்?” என்றாள்.

“இல்லம்மா, பிறை.”

“நல்லவேளை, எங்க கிறிஸ்துமஸுக்கு இந்தத் தொல்லை இல்ல.” ஆனால் எல்லா ஊரையும் வரிசையாகப் பிடித்துக் கொடுத்தாள்.

ஒரு ரிசீவர், இரண்டு தாடி. நாகப்பட்டினத்தில் தெரியவில்லை. புதுக்கோட்டையில் மேகம். காயல்பட்டினத்தில் கடற்கரை முழுக்க ஆள் நின்றும் தெரியவில்லை. பாலக்கரை ஹஜ்ரத் போனில் கேட்டார்: “இன்னும் உனக்கு அந்த இருமல் போகலையா?” சாட்சி உறுதியாகிவிட்டது.

இல்லை என்று கேட்கத்தானா இத்தனை பாடு? ஆனால் இரண்டு பள்ளியிலும் ஒரே அறிவிப்பு: நாளை நோன்பு.

12-8

கலீல் குடும்பத்தோடு எங்கள் வீட்டில் நோன்பு திறந்தார். சுராயா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றினாள். பிறகு மாடியிலிருந்து அவள் குரல் கேட்டது: “தெரியுது, வாங்க.”

எல்லோரும் ஏறிப் பார்த்தோம். நாளை பெருநாள், இனி யாரையும் கேட்கத் தேவையில்லை. ஆனாலும் ஆபீசுக்குக் கிளம்பினேன். நான் பார்த்தேயிராத காயல்பட்டினத்தில் தெரிந்ததா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

“இருங்க, நானும் வரேன்” என்றார் கலீல். ரிசீவரை முதலில் எடுத்ததும் அவர்தான்.