இடப்பக்கம் விட்ட இடம்

எம்மன்புரூக்கே,
25.11.86

அன்பின் மாமிக்கு,

உங்கடை கடிதம் கிடைச்சது. வீட்டிலை எல்லாரும் சுகம், பிள்ளைக்கு ரெண்டு பல்லு வந்திட்டுது எண்டு எழுதியிருந்தியள். சந்தோசம். நான் இருக்கிறன். இஞ்சை குளிர் துவங்கியிட்டுது. வேலை அதே ரெஸ்ரோரன்ற் குசினிதான். பாத்திரம் கழுவுற மெசின் நிண்டு போனால் முதலாளி என்னைத்தான் கூப்பிடுறார். திருத்திக் குடுத்திட்டு, திரும்பவும் அதே மெசினுக்குள்ளை கோப்பையளை அடுக்கிறன். ரெக்னிக்கல் கொலிச்சிலை படிச்சது அதுக்காவது உதவுது.

பெரிய கட்டடம் ஒண்டுக்கு முன்னாலை நிண்டு புதுப்படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தியள். முந்தி மனோகரி இருக்கேக்கை அவளுக்கு அனுப்பினது போல பக்கத்திலை இடம் விட்டு நில்லும் தம்பி, ஸ்ருடியோக்காரன் சின்னவள் கௌரியை வைச்சு ஒட்டித் தருவான், சொந்தக்காரருக்குக் காட்டலாம் எண்டும் எழுதியிருந்தியள். அதுக்குப் பிறகு வாறன்.

போன கிழமை பேர்ணுக்குப் போனனாங்கள். அதுதான் இந்த நாட்டுக்குத் தலைநகரம். என்னோடை வேலை செய்யிற யேசுதாசன் கமெராவும் தன்ரை கறுப்புக் கோட்டும் கொண்டு வந்தவன். அந்தக் கோட்டைப் போட்டு எங்களோடை தங்கியிருக்கிற பெடியள் எல்லாரும் படம் எடுத்து ஊருக்கு அனுப்பியாச்சு. யாழ்ப்பாணத்திலை இப்ப என்ரை கோட்டுக்குத்தான் சீதனம் பேசுகினம், உள்ளுக்கை நிக்கிறவனை ஆர் பாக்கினம் எண்டு வழி நெடுகப் பகிடி விட்டவன்.

எங்களுக்குத் திங்கட்கிழமைதான் லீவு. மியூசியங்களும் திங்கட்கிழமைதான் பூட்டு எண்டது போய் நிண்ட பிறகுதான் தெரியும். கோபுரங்களோடை கோட்டை மாதிரி ஒரு சரித்திர மியூசியம். பழைய கவசம், வாள், கம்பளம் எல்லாம் உள்ளை இருக்காம். கதவிலை கை வைச்சுப் பாத்தன். இரும்பு, கை ஒட்டுற குளிர். கதவு பூட்டோ திறப்போ எண்டு படத்திலை தெரியப் போகுதே, நீ சிரி மச்சான் எண்டான் யேசுதாசன். அதுவும் சரிதான். இந்த நாட்டை நாங்கள் வெளியிலை நிண்டுதானே பாக்கிறம்.

பெரிய தேவாலயத்து வாசலிலை கடைசித் தீர்ப்பு நாளைச் செதுக்கி வைச்சிருக்கினம். ஒரு பக்கம் சொர்க்கம், மற்றப் பக்கம் நரகம். யேசுதாசன் சிலுவை போட்டுக் கும்பிட்டான். நான் அண்ணாந்து பாத்துக் கொண்டு நிண்டன். ஊரடங்கு எண்டு ஒரு கார்க்காரனும் வராமல், பிள்ளையைப் பெத்திட்டு விடியுமட்டும் வீட்டிலை கிடந்து இரத்தம் போன மனோகரியை எந்தப் பக்கம் விட்டவை எண்டு தேடினன். அப்பிடிச் சின்ன ஆக்களுக்கு அங்கை இடம் வைக்கேல்லைப் போலை.

அங்கையிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் போனம். நானூறு வருசத்துக்கு மேலை ஓடுற மெசின். மணி அடிக்க முதல் ஒரு சேவல் கூவும், சின்னக் கரடியள் வட்டமாச் சுத்தும். அதுக்கு மேலை இருக்கிற கோமாளி, நேரம் வர முதலே அவசரப்பட்டு மணியை ஆட்டுறான். சனம் கை தட்டிச் சிரிச்சுது. எனக்கு ஒண்டும் வரேல்லை. உள்ளுக்கை பற்சக்கரம் எப்பிடிப் பூட்டியிருப்பாங்கள் எண்டுதான் யோசிச்சன். பிறகு உங்கடை கடிதம் ஞாபகம் வந்தது. மனோகரியின்ரை ஆண்டுத் திவசம் இன்னும் வரேல்லை மாமி.

படத்துக்கு நடுவிலை நிக்கிறதெண்டுதான் நான் போனனான். இடம் விடக் கூடாதெண்டு ரெயினிலை போகேக்கையே முடிவெடுத்திட்டன். ஆனால் கமெராவைத் தூக்கின உடனை யேசுதாசன் கத்துறான்: நடுவுக்கு வாடா, பக்கத்திலை ஆருக்கு இடம் பிடிச்சு வைச்சிருக்கிறாய், இதென்ன சீ.ரீ.பி. பஸ்ஸோ எண்டு. கேட்டிட்டு அவனே கமெராவை அமத்திட்டான். அவனுக்குத் தெரியும், முதல் படத்தையும் அவன்தானே எடுத்தவன். லுசேர்ன் மரப்பாலத்தடியிலை. அதிலை மனோகரியை ஒட்டினபோது அவளின்ரை கால் நிலத்திலை படேல்லை. உங்களை விட நான்தான் உயரம், வந்து பாருங்கோ எண்டு எழுதியிருந்தவள்.

இண்டைக்குப் படங்கள் கழுவி வந்தது. மியூசியம், தேவாலயம், மணிக்கூடு. எல்லாத்திலையும் இடப்பக்கம் இடம் விட்டுத்தான் நிக்கிறன்.

மாமி, பிள்ளைக்கு அம்மா வேணும், வெளியாள் வந்தால் எங்கடை பிள்ளையைப் பாக்காள் எண்டு எழுதியிருந்தியள். விளங்குது. பத்து மாதமா கௌரிதான் தூக்கி வளக்கிறாள், அதுவும் தெரியும். முந்தி உங்கடை ஒவ்வொரு கடிதத்துக்குக் கீழையும் அத்தான் எண்டு போட்டு நாலு வரி பகிடியா எழுதுவாள். இந்தக் கடிதத்திலை ஒரு எழுத்தும் இல்லை. அவளைக் கேட்டியளோ? என்னைக் கேக்கேல்லை, இடம் விட்டு நில் எண்டுதான் சொன்னியள். அவளை எங்கை நிக்கச் சொன்னியள்?

கௌரி எனக்குத் தங்கச்சி மாதிரி. அவளுக்குப் பிடிச்ச ஒருத்தரைப் பாருங்கோ. எனக்கு ஒருத்தரும் வேண்டாம். பிள்ளை சுமித்ராவை நான்தான் இஞ்சை கூப்பிடுவன். என்ரை அகதி வழக்கு முடிய எவ்வளவு காலம் எடுத்தாலும் கூப்பிடுவன். என்னிலை கோவம் எண்டால் என்னைத் திட்டி எழுதுங்கோ. பிள்ளையின்ரை படத்தை மட்டும் அனுப்பாமல் விட்டிடாதேங்கோ. நான் இன்னும் ஒருக்காலும் தூக்காத பிள்ளை. எனக்கு அவளின்ரை முகம் படத்திலைதான் வளருது.

மணிக்கூட்டுக் கோபுரப் படத்தை இதோடை வைச்சிருக்கிறன். கௌரியை அதிலை ஒட்ட வேண்டாம். பிள்ளை பிடிச்சுக் கொண்டு நிக்கப் பழகியிட்டாள் எண்டு எழுதியிருந்தியள். அவளை ஒருக்கா ஸ்ருடியோவுக்குக் கூட்டிக் கொண்டு போய், நிக்க வைச்சு எடுத்து, என்ரை பக்கத்திலை ஒட்டச் சொல்லுங்கோ. என்ரை முழங்கால் மட்டும்தான் வருவாள். அதுக்கு மேலை இருக்கிற இடத்தை வெட்டாமல் விடச் சொல்லுங்கோ.

குளிர் காலம், நெஞ்சுச் சளியைக் கவனியுங்கோ. பிள்ளையும் கௌரியும் நல்லா இருக்கவேணும்.

உங்கடை மூத்த மருமகன்,
பாலச்சந்திரன்