நல்லா புளிக்குது என்ற வாய்க்கு

வத்தல்மலை

அன்பு மகள் காவியாவுக்கு (அன்பு என்பது வழக்கத்துக்காக எழுதியது, கடிதம் முடியும் வரை அதை நிறுத்தி வைத்திருக்கிறேன்), சித்தப்பன் கோவிந்தன் எழுதுவது. இங்கே மாடு நலம், மிளகுக்கொடி நலம், மனிதர்களைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ நலமாக இருக்கவேண்டும், ஏனென்றால் நான் திட்டப்போவதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும். போனில் திட்டினால் டவர் இல்லை சித்தப்பா என்று வைத்துவிடுகிறாய். காகிதத்துக்கு டவர் தேவையில்லை மகளே.

நம் மலைக் காப்பி விவசாயிகள் சங்கத்துக் காப்பி, மெல்போர்னில் நீ ருசி பார்க்கிற கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்ததும் ராணி மாதிரி ஒரு வாய் உறிஞ்சினாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். சங்கத்து வாட்ஸ்அப் குழுவில், மலையே கேட்கும்படி, "நம்ம காப்பி நல்லா புளிக்குது, இங்க எல்லாரும் அசந்துட்டாங்க" என்று பேசி அனுப்பினாய். நம் ஊரில் எது புளிக்கும்? நேற்றைய சோறு புளிக்கும், கவனிப்பாரில்லாமல் குவியலாகக் கிடந்த காப்பிப்பழம் புளிக்கும். அதைக் கேட்ட தலைவர் மாதுவின் முகம் விளக்கெண்ணெய் குடித்த எருமை முகமாகிவிட்டது. அசந்துட்டாங்க என்றால் வெள்ளைக்காரர்கள் மயங்கி விழுந்துவிட்டார்களா, ஆஸ்பத்திரியில் சேர்த்தாயிற்றா என்று என்னிடம் விசாரித்தார். உடனே கூட்டம். களத்தில் காயப்போட்ட பழத்தைக் கிளறாமல் விட்டது யார் என்று சாலம்மாள் கேட்டாள். அந்தக் களம் யார் பொறுப்பு என்று அவளுக்குத் தெரியாதா? ஏழு மலைக்கும் கேட்கிற மாதிரி கத்தலாம் என்று நான் நெஞ்சை நிமிர்த்தினேன், கத்தியிருந்தால் காரிமங்கலம் சந்தையில் மாடுகள் கயிறு அறுத்துக்கொண்டு ஓடியிருக்கும். அதற்குள் உன் அம்மா எழுந்துவிட்டாள். "எம் மவ நாக்கு பொய் சொல்லாதுங்க. அது புளிக்குதுன்னா எங் கைதான் கெட்டுப்போச்சு. களத்த வேற யாருக்காச்சும் குடுத்துருங்க." அவ்வளவுதான். கிளறு பலகையைச் சாலம்மாள் மடியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

கேட்டாயா? யாரும் பிடுங்கவில்லை. உன்னை நம்பி அவளே கொடுத்தாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உன்னைக் கூப்பிட்டுக் கேட்டால் சிரிக்கிறாய். அந்தப் புளிப்புக்காகத்தான் அவர்கள் வாங்குகிறார்கள், அது பச்சை ஆப்பிள் மாதிரிப் புளிப்பு, பெரிய பாராட்டு என்கிறாய். இந்த மலையில் பச்சை ஆப்பிளைக் கடித்தவன் எவன்? பாராட்டைப் பாராட்டு மாதிரிச் சொல்ல உனக்கு வாயில்லையா? நாக்குக்குச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அதே நாக்கால் நாலு வார்த்தை சரியாகப் பேச வரவில்லை. இதை மாதுவுக்குப் புரியவைக்க எனக்குப் பாதி ஆயுள் போயிற்று. கடைசியில் அவரே உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, தீர்த்தம்மா, தப்பாயிருச்சு, நீயே களத்தைப் பாரு என்று உன் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா நகரவில்லை. எனக்கு மனசு ஆற அந்தப் புள்ள இப்ப மாத்திச் சொல்லுது என்கிறாள். சுத்தமான கேழ்வரகில் நாள் முழுக்கக் கல் பொறுக்குகிறாள். அடுத்த மாதம் பழம் பறிப்பு. சாலம்மாளோ புளிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில், உன் அம்மா மாதிரி முழுப் பழமாகக் காயவைக்காமல், தோலை உரித்து நாலு தண்ணீர் அலசிக் காயவைக்கப் போகிறாளாம். அப்புறம் நீ குடிப்பது காப்பியாக இருக்காது, கழுநீராக இருக்கும்.

நேற்று நீ அம்மாவிடம் தேனாகக் குழைந்து பேசினாயாமே. மட்டி. காய்ச்சலை மறைத்த அன்றும் பரீட்சையில் கோட்டை விட்ட அன்றும் நீ அப்படித்தான் குழைந்தாய். உன் அன்பான குரல் கேட்டால் பொய் என்றுதான் அவளுக்கு அர்த்தம். ஆகவே சித்தப்பன் கட்டளை: சண்டை போடு. யாரைக் கேட்டுக் களத்தை விட்டாய், நீ காயவைத்த காப்பி கிடைக்காவிட்டால் இங்கே என் மானம் போகும் என்று, சங்கத்துக் குழுவிலேயே, எல்லாரும் கேட்கக் கத்து. அவளும் திருப்பிக் கத்துவாள், கத்திக்கொண்டே களத்துக்குப் போவாள். மறந்தும் மன்னிப்பு மட்டும் கேட்டுவிடாதே. கேட்டால் காப்பி உண்மையிலேயே கெட்டுப்போயிற்று என்று முடிவு கட்டிவிடுவாள்.

குளிருக்குக் காதை மூடிக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே, வேலை இருக்கிறது. நூறாண்டு வாழ்ந்து நன்றாகத் திட்ட ஆசீர்வதிக்கும்,

உன் சித்தப்பன்,
கோவிந்தன்