காளவாசலில் நடந்த கடல் கூட்டம்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்தே புழுதிக் காற்று. பழங்காநத்தமே கண்ணைக் கசக்கிக்கொண்டு நடக்கிறது. இவர் எங்கள் டூர் வேனைக் கழுவினார், மத்தியானத்துக்குள் திரும்ப மண். வாங்க வேண்டியது: சீட் உறை, எலுமிச்சை, கொசுவத்தி.

செல்வராணி போன். கடற்கரையில் அவள் லாட்ஜுக்குத்தான் பல வருடமாக எங்கள் டூர் ஆட்களை அனுப்புகிறோம். சூரிய உதயம், படகு, அவள் கையால் மீன் சாப்பாடு. எங்கள் பிழைப்பே அந்த ஒரு டூர்தான்.

கடலுக்குள் காற்றாலை நடப்போகிறார்களாம். அவர்கள் கரைக்கு நேர் எதிரே. கருத்துக் கேட்புக் கூட்டம் வியாழக்கிழமை. எங்கே? மதுரையில், காளவாசல் பக்கம் ஒரு ஏசி ஹோட்டலில்.

"கடல் இங்க கெடக்கு, கூட்டத்த அங்க வச்சிருக்காங்க அக்கா. வேன் கெடைக்குமா? எல்லாரும் வாரோம்."

டீசல் மட்டும் போட்டால் போதும் என்றேன். இவர் முகம் சுண்டிவிட்டது.

ஜூலை 10, வியாழன்

கூட்டத்துக்கு நானும் போனேன். படகுக்காரர்கள், சங்குக் கடைப் பெண்கள், செல்வராணி. கடைசி வரிசையில் உட்காரவைத்தார்கள். ஏசி குளிர். பெண்களெல்லாம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார்கள்.

திரையில் பெரிதாக ஒரு கடல் படம். மேடையில் இருந்த அதிகாரி ஒரு மணி நேரம் பேசினார், பாதி இங்கிலீஷ். செல்வராணி எழுந்தாள்.

"அந்தப் போட்டோ எங்க லாட்ஜ் வாசல்ல நின்னு எடுத்தது சார். எங்கள ஒரு வார்த்த கேக்கல."

"கரையில இருந்து பார்த்தா காற்றாலை கட்டைவிரல் அளவுதாம்மா தெரியும். அதப் பாக்கவே டூரிஸ்ட் வருவாங்க."

"வேல நடக்கையில படகு விடலாமா?"

"பாதுகாப்பு காரணமா கொஞ்ச காலம் விட முடியாது."

"கொஞ்ச காலம்னா?"

அவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவர் மைக்கை வாங்கி, சாப்பாடு தயார் என்றார்.

அவ்வளவுதான் கூட்டம். முன்வரிசை எல்லாம் தட்டை எடுத்துக்கொண்டு போனது. எங்கள் ஆட்கள் ஒருவரும் சாப்பிடவில்லை. வெளியே பைபாஸ் வெயிலில் நின்று செல்வராணி சொன்னாள்: "காத்தாடி வேணாம்னா சொன்னோம்? கரண்டு எங்களுக்கும் வேணும். சீசன்ல படகு ஓடலன்னா நாங்க என்னத்தத் திங்கிறது, அதச் சொல்லுங்கன்னுதான கேட்டோம்."

இவரைத் தேடினேன். வாசலில் காற்றாலைக் கம்பெனி ஆள் ஒருத்தரோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பார்க்கிங் விஷயம் என்று நினைத்தேன்.

ஜூலை 12, சனி

பார்க்கிங் இல்லை. காற்றாலை இன்ஜினியர்களை மதுரையிலிருந்து கடற்கரைக்குத் தினமும் கூட்டிப்போக வண்டி வேண்டுமாம். ஒத்துக்கொண்டு வந்துவிட்டார். இன்று காலை தோசைக்கு நடுவில் சொல்கிறார்.

"செல்வராணி முகத்துல எப்படி முழிக்கிறது?"

"நான் போகலன்னா காத்தாடி நடாம விட்டுருவாங்களா? அடுத்த வேன்காரன் போவான். படகு நின்னா நம்ம டூரும் நிக்கும், அப்ப என்ன செய்வ?"

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிகிறது. தோசை கருகியது, கருகியதையே வைத்தேன். சாப்பிட்டார்.

சாயங்காலம் கேஸ் சிலிண்டர் வந்தது. வாஷிங் மிஷின் ரிப்பேர்காரர் வரவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

காற்று அடங்கியிருக்கிறது. வேறு யாராவது சொல்லி அவளுக்குத் தெரிவதற்குமுன் நானே சொல்லிவிடலாம் என்று போன் போட்டேன். சுற்றி வளைக்கவில்லை. நாளையிலிருந்து எங்கள் வேன் கம்பெனிக்கு ஓடுகிறது என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம். நின்றது.

"சரிக்கா," என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

பிறகு: "வண்டிய எங்க லாட்ஜ் பந்தலுக்கு அடியில நிறுத்த வேணாம்னு அண்ணங்கிட்ட சொல்லிருங்க."

இவரிடம் சொன்னேன். அந்தக் கரையில் வேறு நிழல் கிடையாது.

"அப்ப நாள் பூரா வெயில்லயா நிக்கிறது?" என்கிறார்.

நிற்கட்டும்.