சாவு வண்டிக்கு எந்த பிளக்

ஐப்பசி 4, திங்கள்

விடியற்காலையிலிருந்து தூறல். ராயபுரம் முழுக்கக் கருவாட்டு வாடை. செய்ய வேண்டியவை: ஃபேன் பெல்ட் ஆர்டர். பொன்னம்மாளுக்கு மருந்து. சங்கத்து வண்டிக்கு ஸ்பார்க் பிளக்.

மூன்றாவதுதான் தலைவலி. பேட்டைக்காரர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்துக்குச் சாவு வண்டி ஒன்று வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றவன் நான். மோட்டார் சாமான் கடைக்காரன் சொன்னால் சரியாயிருக்கும் என்று நம்பிவிட்டார்கள். பந்தயம் ஓட்டிய பணக்காரப் பிள்ளை ஒருவனுடைய பழைய கார். பின்பக்கத்தை வெட்டிக் கண்ணாடிப் பெட்டி வைத்தாயிற்று. என்ஜின் மட்டும் அவன் மாற்றிவைத்தபடியே. வேகத்துக்காக என்ஜின் தலையை, அதாவது ஹெட்டை, லேத்தில் சீவி, அழுத்தத்தை ஏற்றியிருக்கிறான். பறக்கச் செய்த என்ஜின், மேளத்துக்குப் பின்னால் ஊர்கிறது. ஊர்ந்தால் பிளக்கில் கரி படிகிறது. ஒவ்வொரு சாவுக்கும் முன்னால் கழற்றிச் சுரண்ட வேண்டியிருக்கிறது.

மாட்டினால் நாள்பட உழைக்கிற பிளக் வேண்டும்.

ஐப்பசி 6, புதன்

வெயில். யுத்த காலத்து ஏலச் சரக்கில் ஏரோப்ளேன் பிளக் ஒரு பெட்டி கிடைத்தது. மரை அப்படியே பொருந்துகிறது. முனை லேசில் தேயாது. வண்டி போனாலும் பிளக் போகாது. பெருமையாக டிரைவர் ஏகாம்பரத்திடம் காட்டினேன்.

"இன்னா அண்ணாச்சி, ஏரோப்ளேன் பிளக்கா? அப்போ நேரா சொர்க்கத்துலயே எறக்கிட்டு வந்துர்லாம்."

பொன்னம்மாளின் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது. இதயம் பலவீனம் என்று டாக்டர் மறுபடி சொன்னார். உப்பு கூடாது. ஊறுகாய் ஜாடியை ஒளித்து வைத்தேன். கண்டுபிடித்துவிட்டாள்.

ஐப்பசி 9, சனி

எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கொருக்குப்பேட்டையில் ஒரு ரயில்வே கலாசிப் பெரியவர் சாவு. ஊர்வலம் என்றால் அங்கே சும்மா போகாது. தெருமுனைக்குத் தெருமுனை மேளம் நிற்கும், இளவட்டங்கள் ஆடுவார்கள், வண்டி காத்திருக்க வேண்டும். ரயில் கேட் தாண்டியதும் வண்டி இரண்டு முறை தும்மியது. நின்றது. ஏகாம்பரம் கைப்பிடி போட்டுச் சுற்றிச் சுற்றி வேர்த்துப்போனான். மேளக்காரர்களும் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பெரியவரின் மகன் என்னைப் பார்த்து: "எங்க நைனா ஒரு நாளு லேட்டா வேலைக்குப் போனதில்ல. அவர இப்டி நடுத்தெருவுல வுட்டுட்டியே."

பாடையை இறக்கித் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

ஐப்பசி 11, திங்கள்

பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கானே தெரியாதபடி மையாகக் கரி. புத்தி வந்தது. ஏரோப்ளேன் பிளக் சூட்டைச் சட்டென்று என்ஜின் ஹெட்டுக்குக் கடத்திவிடும். ஆகாயத்தில் முழு வேகத்தில் போகிறவனுக்கு அது சரி. நடை வேகத்தில் முனை சூடேறாது, படிகிற கரி எரியாது. நாள்பட உழைக்கும் என்று எதை வைத்துச் சொன்னேன்? யாரிடம் உழைப்பது என்று கேட்கவில்லையே.

சூட்டைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும் மூக்கு நீண்ட பிளக் கடையிலேயே இருக்கிறது. அது தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் இந்தச் சீவின என்ஜினில் வேகமாகப் போனால் முனை கனன்று பிஸ்டனையே ஓட்டை போட்டுவிடும். சாவு வண்டி எங்கே வேகமாகப் போகிறது என்று கேட்கலாம். திரும்பி வரும்போது போகிறது!

ஏகாம்பரம் வாதம்: "சவத்த எறக்குன வண்டி மெதுவா வரக் கூடாது அண்ணாச்சி. பின்னால குந்திக்கினு கூடவே வந்துரும். பறந்து வந்து தலைக்கு ஊத்திக்கணும்."

போகும்போது ஆமை, வரும்போது குதிரை. எந்தக் கம்பெனி இதற்கு பிளக் செய்கிறது?

ஐப்பசி 14, வியாழன்

மழை. கடையில் ஈ ஓட்டினேன்.

மத்தியானம் வீட்டில் பொ. தலையணையில் சாய்ந்தபடி: "ஏங்க, அந்தப் பிளக்கு விசயம் என்னாச்சி?"

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"சீக்கிரம் பாருங்க. எனக்கு என்ன பிளக்கு மாட்டப் போறீய?"

"உனக்கு வாயில ஒரு பூட்டு மாட்டணும்" என்று கத்திவிட்டேன். அவள் சிரித்தாள். சிரிப்பு மூச்சிரைப்பில் முடிந்தது. முதுகைத் தடவிக்கொடுத்தேன். முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கையில் தட்டியது. எப்போது இவ்வளவு இளைத்தாள்?

ஐப்பசி 18, திங்கள்

இன்றும் பிளக் மாட்டவில்லை. கடையில் வேலை என்று ஏகாம்பரத்திடம் சொன்னேன். வேலை ஒன்றுமில்லை. உண்மையை இங்கேயாவது எழுதுகிறேன். பிளக் சரியாகிவிட்டால் வண்டி தயார். வண்டி தயாராக நிற்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

ஐப்பசி 20, புதன்

பொ.வே ஆளனுப்பி ஏகாம்பரத்தை வீட்டுக்கு வரவழைத்திருக்கிறாள். அவனுக்குக் காப்பி கொடுத்து விசாரணை. நான் போகும்போது முடிந்துவிட்டது.

"குளிக்கத்தான அம்புட்டு வேகமா வாறீய? மூலக்கொத்தளம் சுடுகாட்டுலயே குழாய் இருக்குல்லா? அங்கயே தலைக்கு ஊத்திக்கிட்டு, துணி மாத்திக்கிட்டு, மெதுவா வாங்க."

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தான். "அம்மா சொல்றது கரீட்டுதான் அண்ணாச்சி. குளிச்சிட்டா அப்பால எது குந்தினு வந்தா எனக்கு இன்னா?"

அவ்வளவுதான். எனக்கு இத்தனை நாள் ஏன் தோன்றவில்லை? தோன்ற விடவில்லை.

ஐப்பசி 21, வியாழன்

மூக்கு நீண்ட பிளக் மாட்டினேன். முனை இடைவெளியைக் கொஞ்சம் குறைத்தேன். சோதனை ஓட்டம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், காலி வண்டி, நடை வேகம். இது இப்படி ஆகும் என்று யார் கண்டது. எதிரே வருகிறவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கிறார்கள். செருப்பைக் கழற்றுகிறார்கள். பூக்காரம்மா ஒருத்தி ஒரு கை உதிரிப்பூ எடுத்து வண்டிமேல் வீசிவிட்டுக் கேட்டாள்: "யாரு பூட்டாங்க?"

ஏகாம்பரம்: "யாரும் பூடல ஆயா. பிளக்கு டெஸ்ட்டு."

"த்தூ! கட்டைல போறவனே, என் பூவக் குடு!"

எண்ணூர்ப் பக்கம் வரை ஊர்ந்து திரும்பினோம். கழற்றிப் பார்த்தால் பீங்கான் இளம் பழுப்பு, பிஸ்கோத்து நிறம். இதைவிட நல்ல நிறம் ஒரு பிளக்குக்குக் கிடையாது. பூக்காரம்மா கதையைச் சொன்னபோது பொ. சிரித்தாள், இருமல் வராமல். ராத்திரி ரசம் சோறு இரண்டு கரண்டி கூடச் சாப்பிட்டாள். இன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதிவைக்கிறேன்.

ஐப்பசி 27, புதன்

தூத்துக்குடிக்குத் தந்தி. மகள் புறப்பட்டுவிட்டாள்.

கார்த்திகை 3, செவ்வாய்

முந்தாநாள் காலை பொன்னம்மாள் போய்விட்டாள். மகள் கைப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். நான் வெந்நீர் எடுக்கப் போயிருந்தேன்.

வேறு வண்டி சொல்லலாமா என்று சங்கத்தில் தயங்கிக் கேட்டார்கள். வேண்டாம் என்றேன். ஏகாம்பரம் வண்டியைக் கழுவித் துடைத்து, கண்ணாடியெல்லாம் பளபளவென்று கொண்டுவந்து நிறுத்தினான். அழுதுகொண்டே ஓட்டினான். நான் பானட் பக்கத்திலேயே நடந்தேன். பழக்கதோஷம், மேளம் காதில் விழவில்லை, என்ஜின் சத்தம்தான் விழுந்தது. ஒரே சீராக. முனைக்கு முனை மேளம் நின்றது, ஆடினார்கள், வண்டி பொறுமையாகக் காத்திருந்தது. ஒரு தும்மல் இல்லை.

வழியில் ரயில் கேட் மூடியிருந்தது. கூட்ஸ் வண்டி. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. பானட்மேல் கை வைத்தேன், கதகதப்பு. அப்போது எனக்கு ஒரு ஆசை வந்தது. இது இப்போது நின்றுவிட்டால் என்ன? நானே மாட்டிய பிளக். கரி படியட்டும், அணையட்டும், ஏகாம்பரம் கைப்பிடி போட்டுச் சுற்றட்டும், ஊர் சிரிக்கட்டும். இன்னும் கொஞ்ச நேரம் அவள் தெருவிலேயே, எங்கள் நடுவிலேயே இருக்கட்டும்.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். தும்மவில்லை. கேட்டைத் திறந்துவிட்டார்கள்.