தலைக்குள் ஷாக் அடிக்கிறது என்றாய்

என் அன்பு எஸ்தர் அக்காவுக்கு,

நீ சொன்னது பொய்யில்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்கு ஆறு வருஷம் ஆகியிருக்கிறது. அதுவும் எனக்கே வந்த பிறகு.

போன வருஷம் பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த கம்பெனி ஆட்குறைப்பு என்று என்னை வீட்டுக்கு அனுப்பியது. தூக்கம் போனது, பசி போனது. மனச்சோர்வு என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நீ சாப்பிட்ட அதே மாத்திரை. எட்டு மாதத்தில் தேறினேன். தேறியவனுக்கு மாத்திரை எதற்கு என்று, யாரையும் கேட்காமல், ஒரு திங்கட்கிழமை நிறுத்தினேன்.

வியாழக்கிழமை லிங்கராஜபுரம் பஸ்ஸில் கண்ணைத் திருப்பினேன். தலைக்குள் மின்சாரம் வெட்டியது. மறுபடி திருப்பினேன், மறுபடி வெட்டியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆடினேன். காலையிலேயே ஆரம்பித்துவிட்டீர்களா சார் என்று கண்டக்டர் கன்னடத்தில் கேட்க, பஸ்ஸே சிரித்தது. எனக்கு உன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

நீயும் இப்படித்தான் ஒரேயடியாக நிறுத்தினாய். ஞாயிறு ஆராதனையில் எழுந்து, ஆண்டவர் மாத்திரையிலிருந்து விடுதலை தந்தார் என்று சாட்சி சொன்னாய். நிறுத்தச் சொன்னது பாஸ்டர் இல்லை, தெரியும். ஆனால் சபையே கை தட்டியதே. அதற்குப் பிறகு ஒரு மாத்திரை விழுங்கினாலும் சாட்சி பொய்யாகிவிடும். அத்தான் அதைத்தான் உன்னிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர் என்ன பேசும் என்ற பயத்துக்கு விசுவாசம் என்று பெயர் வைத்திருந்தார்.

நான் மட்டும் என்ன கிழித்தேன்? எம்.எஸ்சி. படித்தவன். நீ படுக்கையில் சுருண்டு கிடந்தபோது வாசலில் நின்றே கேட்டேன்: "அத்தனை பேர் கை தட்டியும் உனக்குக் கவனிப்பு பத்தலையா?"

"கவனிப்பு வேணாம்டா. தலைக்குள்ள ஷாக் அடிக்குது. நீயாவது நம்பு."

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எத்தனை வாரம் அப்படிக் கிடந்தாய் அக்கா? எண்ணக்கூட இல்லை நாங்கள். இரண்டு வருஷம் கழித்து உன்னைக் கொண்டுபோனது டெங்கு; அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதைச் சொல்லித்தான் இத்தனை நாள் தப்பித்தேன்.

வெள்ளிக்கிழமை டாக்டரிடம் போனேன். நோய் திரும்பவில்லை, பழகிய உடம்பிலிருந்து மருந்தைத் திடீரென்று பிடுங்கினால் இப்படி ஆகும், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். "இதைப் பல்லைக் கடிச்சுத் தாங்குறதில பெருமை ஒண்ணும் இல்ல சார்" என்று மறுபடி மாத்திரை எழுதினார். பத்து நிமிஷப் பேச்சு. அந்தப் பத்து நிமிஷத்துக்கு உன்னை ஆட்டோவில் ஏற்றிக் கூட்டிப்போக எங்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை.

எப்படியோ கேள்விப்பட்டு நேற்று அத்தான் போன் செய்தார். "தைரியமா விட்டுடுங்க தம்பி. உங்க அக்கா மாத்திரை இல்லாமலே இருந்து காட்டலையா?"

"அவ இருந்து காட்டல அத்தான். நாம அவளை அப்படிப் போட்டு வெச்சிருந்தோம்."

அவர் போனை வைத்துவிட்டார்.

இனி டாக்டர் எழுதிக் கொடுத்த அளவுப்படிதான் குறைப்பேன், எத்தனை மாதமானாலும். தலை சுற்றினால் சுற்றுகிறது என்று வாய் திறந்து சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு. அத்தானை மன்னிப்பேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே. என்னை மன்னிக்கச் சொல்லி உன்னையும் கேட்க மாட்டேன்.

வாசலோடு திரும்பிப்போன உன் தம்பி,
சாமுவேல்